விரைப் புற்று வழி மாறிப் பரவும்போது: கேள்வி பதில்

கேள்வி: தம்பிக்கு வலது விரையில் கட்டி. ஸ்கேனில் முதுகெலும்பை ஒட்டி நெறி கட்டியிருக்கிறது என்கிறார்கள். பக்கத்திலிருக்கும் தொடை இடுக்கை விட்டுவிட்டு அவ்வளவு மேலே எப்படிப் போனது?

பதில்: அதுதான் வழக்கமான பாதை. கருவில் விரை உருவாவது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். அப்புறம் கீழே இறங்கும்போது ரத்தக் குழாயையும் நிணநீர்க் குழாயையும் கூடவே இழுத்து வருகிறது. புற்றும் அந்த வழியாகவே ஏறும். வலது விரை என்றால், முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக் குழாய்களான பெருந்தமனிக்கும் பெருஞ்சிரைக்கும் நடுவிலுள்ள நிணநீர்க் கணுக்கள். இடது என்றால் பெருந்தமனியின் இடப்பக்கம். வலதிலிருந்து இடப்பக்கம் தாண்டுவதுண்டு, இடதிலிருந்து வலப்பக்கம் போவது அபூர்வம்.

கேள்வி: எனக்குத் தொடை இடுக்கிலேயே நெறி கட்டியது. சிறுவயதில் இறங்காத விரைக்கு ஆபரேஷன் நடந்தது. சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு, அதைச் சொன்னது நல்லதாயிற்று. பலர் மறந்தே போவார்கள். நான் தழும்பைத் தேடிப் பார்த்துத்தான் கேட்பேன். விதைப்பைத் தோலின் நிணநீர் தொடை இடுக்குக்குப் போகிறது. பழைய ஆபரேஷனில் விரையின் சொந்தப் பாதை அறுபட்டால், அது இந்தப் பாதையோடு ஒட்டிக்கொள்ளலாம். குடலிறக்க ஆபரேஷனிலும் இப்படி நேரலாம். கட்டி விதைப்பைத் தோலையே ஊடுருவினாலும் இதே கதை. அதனால்தான் விதைப்பையில் ஊசி குத்திச் சதை எடுப்பதில்லை, விரையை அடிவயிற்றோரம் கீறியே எடுக்கிறோம். உங்களுக்குக் கீமோவுக்குப் பிறகும் இடுக்கில் கட்டி மிஞ்சினால், வயிற்றுக் கணுக்களோடு அதையும் எடுக்க வேண்டிவரலாம்.

கேள்வி: அண்ணனுக்குக் கீமோ முடிந்து, புற்றைக் காட்டும் ரத்தக் குறியீடுகள் இயல்பாகிவிட்டன. ஆனால் வயிற்றுக் கட்டி வளர்கிறது. இன்னொரு சுற்றுக் கீமோ போதாதா?

பதில்: போதாது. இது பெரும்பாலும் டெரட்டோமா, அதாவது பல வகைத் திசுக்கள் கலந்த கட்டி, கீமோவுக்கு அசையாது. விட்டால் பெருஞ்சிரையை நெருக்கும், சிறுநீர்க் குழாயை அடைக்கும், வேறு வகைப் புற்றாகவும் மாறலாம். கத்திதான் வழி. வளராவிட்டாலும், செமினோமா (விரைப் புற்றின் ஒரு வகை) அல்லாத வகையில் 1 செ.மீ.க்கு மேல் மிஞ்சியதை எடுத்துவிடுவதே முறை. எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வெறும் செத்த திசு, மற்றவர்களில் பெரும்பாலோருக்கு டெரட்டோமா, சிலருக்கு உயிருள்ள புற்று. எது என்று ஸ்கேன் உறுதியாகச் சொல்லாது. சில நேரம் ஒரு சிறுநீரகத்தையோ பெருஞ்சிரையின் ஒரு பகுதியையோ சேர்த்து எடுக்க நேரும். இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்பவரிடமே போகச் சொல்லுங்கள்.

கேள்வி: வயிற்றோடு இடது கழுத்திலும் நுரையீரலிலும் கட்டி இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுப்பீர்களா?

பதில்: பொதுவாக வயிறு முதலில். கழுத்துக்கு வந்ததும் வயிற்றிலிருந்து மேலேறும் பெரிய நிணநீர்க் குழாய் வழியாகத்தான். வயிற்றில் செத்த திசு என்றால் நுரையீரலிலும் பெரும்பாலும் அதுவே. ஆனால் எப்போதும் அல்ல.

கேள்வி: வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு குழந்தை பெற முடியுமா?

பதில்: பெருந்தமனியை ஒட்டி ஓடும் மெல்லிய நரம்புகள் அறுபட்டால் விந்து வராமலே போகலாம், அல்லது வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குப் போய்விடலாம், விறைப்பு பொதுவாகப் பாதிக்காது. முடிந்தவரை நரம்புகளைக் காப்போம், ஆனால் பெரிய கட்டியில் அது கைகூடாமல் போகலாம். ஆகவே விந்தைச் சேமிப்பதென்றால் கீமோவின் முதல் ஊசிக்கு முன்பே.