ஸ்டிக்கரும் பூவரச இலையும்

வணக்கம் ஐயா,
என் மகனுக்கு ஆறு வயது. இணையத்தில் பார்த்து, ஏழு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் ஊற்றி, ‘ச ரி க ம’ என்று ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தேன். பத்து நிமிடம்கூட உட்காரவில்லை. காலிக் கண்ணாடிப் பாட்டிலை ஊதிக்கொண்டு வீடெல்லாம் திரிகிறான். அவனுக்கு இசை வராதோ? கீபோர்டு பழகினால் கணக்கும் நன்றாக வரும் என்கிறார்கள். எந்த வயதில் வகுப்பில் சேர்க்கலாம்?
க., திருப்பூர்

அன்புள்ள க.,

கணக்கு வரவேண்டுமென்றால் கணக்குப் போடட்டும். கீபோர்டு உங்கள் விருப்பம்.

என்னைச் சீண்டியது அந்த ஸ்டிக்கர்தான். தண்ணீர் ஊற்றியது நீங்கள், சுருதி பார்த்தது நீங்கள், பெயர் எழுதியதும் நீங்கள். பிள்ளைக்கு என்ன மிச்சம் வைத்தீர்கள்? ஜலதரங்கம் வாசிப்பவர்கள் பீங்கான் கிண்ணங்களில் சொட்டுச் சொட்டாக நீரைக் கூட்டியும் குறைத்தும் சுருதி சேர்ப்பார்கள். ருசியே அதில்தான். அதை நீங்கள் தின்றுவிட்டு வெறும் தட்டை அவனிடம் நீட்டியிருக்கிறீர்கள்.

அவன் பாட்டிலை ஊதுகிறான் என்றால் உங்களைவிட ஒரு படி முன்னே நிற்கிறான். தட்டும்போது அதிர்வது கண்ணாடி. நீர் ஏற ஏறப் பாரம் கூடி ஒலி தாழும். ஊதும்போது அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. நீர் ஏற ஏற அதற்கு இடம் சுருங்கி ஒலி உயரும். ஒரே பாட்டில், அதே தண்ணீர், நேரெதிரான இரண்டு போக்கு! தயவுசெய்து இதை அவனிடம் சொல்லிவிடாதீர்கள். ஓடிப்போய்ச் சொல்லத்தான் உங்களுக்குக் கை துறுதுறுக்கும், தெரியும். சொல்லாதீர்கள்.

என் அத்தை பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுவாள். எப்படி என்று கேட்டால் சிரித்துக்கொண்டே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாள். வேலியோரத்து மரத்தில் கைக்கெட்டிய இலையையெல்லாம் பறித்துத் தீர்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது. சுருளின் ஒரு முனையைச் சப்பையாக நசுக்கவேண்டும் என்பது மூன்றாம் நாள்தான் பிடிபட்டது. அடுத்த திருவிழாவில் நாதஸ்வரக்காரர், வாயில் வைத்து ஊதும் முனையான சீவாளியை எச்சிலில் நனைத்துப் பொருத்தியபோது அதன் சப்பை வாயைப் பார்த்துவிட்டு, “அட, என் பீப்பி!” என்று கத்திவிட்டேன். அப்பா தொடையில் கிள்ளினார். அத்தை மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அல்லவா? அவன் கேட்கும்போது சேருங்கள். இப்போதைக்கு அந்தப் பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் ஒரு கரண்டியைப் போட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். எட்டிப் பார்க்கக் கூடாது.