பழைய ஜீப்பில் ஸ்டியரிங் கால் சுற்று சும்மா சுற்றுகிறது; பெட்டியை மாற்றத்தான் வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: போடியில் வாங்கிய பழைய மகேந்திரா எம்எம் 540. ஸ்டியரிங் ஏறக்குறைய கால் சுற்று சும்மா சுற்றுகிறது. நான்குவழிச் சாலையில் 60-ஐத் தாண்டினால் வண்டி இரண்டு பக்கமும் அலைகிறது. பட்டறையில் ஸ்டியரிங் பெட்டியை (ஸ்டியரிங்கின் சுழற்சியைச் சக்கரம் திருப்பும் அசைவாக மாற்றும் பற்சக்கரப் பெட்டி) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். பெட்டியில் தேய்மானமே இருக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைக் கடைசியில்தான் தொட வேண்டும். இதை நான் செலவு செய்து கற்றுக்கொண்டேன்.

என்னுடையதும் இதே வண்டிதான், கம்பத்தில் வாங்கியது. காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறி, மாலையில் இறங்கிய வண்டி. ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் முழு வெட்டு, அதுவும் கொள்ளளவுக்கு மேல் ஆளோடு. அப்படிப்பட்ட வண்டியில் ஸ்டியரிங் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சோழவந்தான் பக்கம் தோப்புக்குப் போய்வர வாங்கிவிட்டு, மதுரையில் ஒரு பட்டறையில் விட்டேன். பெட்டியில் ஆட்டத்தைக் குறைக்க இருக்கும் திருகை முறுக்கி, அது தளராமல் பிடிக்கும் செக்நட்டை இறுக்கி அரை மணி நேரத்தில் கொடுத்துவிட்டார்கள். ஆட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. சந்தோஷமாகக் கிளம்பினேன். நாகமலை தாண்டி ஒரு வளைவில் ஒடித்த ஸ்டியரிங் தானாகத் திரும்பி வரவில்லை. எதிரே பேருந்து வேறு. இரண்டு கையாலும் இழுத்துத்தான் நேராக்கினேன்.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. வண்டி பெரும்பாலும் நேராகத்தானே ஓடுகிறது? அதனால் பெட்டிக்குள் நடுப்பகுதிதான் அதிகம் தேயும். அந்த இடத்துக்குச் சரியாக வரும்வரை முறுக்கினால், தேயாத இரண்டு ஓரங்களிலும் பிடித்துக்கொள்ளும். என் வண்டியில் பெட்டியைவிட வேறு இடங்களில்தான் ஆட்டம் அதிகம் இருந்தது. எல்லாவற்றையும் அந்த ஒரு திருகை வைத்து மறைத்திருக்கிறார்கள்.

கம்பத்தில் பல வருடம் தோட்ட ஜீப் ஓட்டிய ஒரு அண்ணனிடம் போனில் புலம்பினேன். "பெட்டியைத் தொடாதீங்க தம்பி. ஒரு ஆளை உள்ள உக்கார வச்சுட்டு நீங்க வண்டிக்கு அடியில படுங்க" என்றார். அவர் சொன்ன சோதனை இதுதான்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். சக்கரம் தரையிலேயே இருக்கட்டும், ஜாக்கி வேண்டாம். எஞ்சின் அணைந்திருக்கட்டும் (பவர் ஸ்டியரிங் மாட்டிய வண்டி என்றால் மட்டும் எஞ்சின் ஓட வேண்டும், அப்போது நியூட்ரல், ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்குக் கல், மூன்றும் கட்டாயம்). உள்ளே இருப்பவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக, சக்கரம் திரும்பத் தொடங்கும் அளவுக்கு மட்டும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முழுதாக ஒடிக்கக் கூடாது. என் மகன் இரண்டு நிமிடத்தில் சலித்துப்போய் ரேடியோவைத் திருகப் போய்விட்டான். பொறுமையான ஆளாகப் பிடியுங்கள்.

கீழே இருக்கும் நீங்கள் தேட வேண்டியது ஒன்றுதான்: அசைவு எந்த இடத்தில் தொலைகிறது? ஒரு துண்டு அசைகிறது, அதோடு இணைந்த அடுத்த துண்டு அசையாமல் நிற்கிறது என்றால் கோளாறு அந்த இணைப்பில். மேலிருந்து வாருங்கள். ஸ்டியரிங் தண்டில் இருக்கும் ஜாயிண்ட், பிறகு பெட்டி, பெட்டியிலிருந்து தொங்கும் கையான டிராப் ஆர்ம், அதிலிருந்து சக்கரத்தை நோக்கிப் போகும் கம்பியான டிராக் லிங்க், கடைசியில் இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் டை ராடு. ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு பாகத்தையும் சேர்த்து விரல் வைத்துப் பாருங்கள். கண்ணில் படாத சின்ன ஆட்டம்கூட விரலில் 'டிக்' என்று தட்டும். பழைய அமெரிக்க ஜீப்பான வில்லிஸ் வழி வந்த சில பழைய மாடல்களில் நடுவே பெல் கிராங்க் என்ற திருப்புக் கை ஒன்று இருக்கும். அது சுழலும் முளையும் புஷ்ஷும் தேய்ந்தால் எல்லா ஆட்டமும் அங்கேயே வந்துவிடும்.

பெட்டியைப் பார்க்கும்போது அதன் உள்ளே என்ன என்பதைவிட, பெட்டியே அசைகிறதா என்று முதலில் பாருங்கள். என் வண்டியில் அதுதான் நடந்தது. சேஸில் (வண்டியின் அடிச்சட்டம்) பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒன்று லூசு, ஒன்றைக் காணோம். ஸ்டியரிங்கை ஆட்டினால் பெட்டி முழுவதும் சேஸோடு உரசி நகர்ந்தது. சேற்றைச் சுரண்டித் துடைத்த பிறகு போல்ட் துளையின் ஓரத்தில் மயிரிழை விரிசல் வேறு. காடு மேடு ஓடிய வண்டிகளில் இதைக் கட்டாயம் தேட வேண்டும். புதுப் பெட்டி போட்டிருந்தாலும் அதுவும் அந்த விரிசலில்தான் உட்கார்ந்திருக்கும். அதோடு டிராக் லிங்க்கின் ஒரு முனையும் டை ராடின் எண்டு (முனை மூட்டு) இரண்டும் போயிருந்தன. ஒரு எண்டில், நட்டு கழலாமல் குறுக்கே குத்தும் ஸ்பிளிட் பின்னே இல்லை. அந்த நட்டு கழன்றிருந்தால் ஸ்டியரிங் கையில் இருக்கும், சக்கரம் அதன் பாட்டுக்குப் போகும். உங்கள் வண்டியில் ஸ்பிளிட் பின் இல்லையென்றால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். டை ராடிலோ டிராப் ஆர்மிலோ வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டறைக்குத் திரும்பப் போகாதீர்கள்.

அடுத்து முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அச்சுக்குக் கீழே ஸ்டாண்டு வைத்துவிட்டு, டயரை மேலும் கீழும் பிடித்து உள்ளும் புறமுமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். மிதித்தும் நிற்கவில்லையென்றால் கிங் பின் (சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்கான முளை). கிங் பின் பேரிங் நன்றாக இருந்தால் ஷிம் என்ற மெல்லிய தகட்டைக் கழித்தே சரிசெய்யலாம். குழிவிழுந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

இனி வண்டி அலைவது. இதையும் ஸ்டியரிங் ஆட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எல்லா இணைப்பும் இறுக்கமாக இருந்தாலும் வண்டி அலையலாம். முன் ஸ்பிரிங் பட்டையின் புஷ், ஸ்பிரிங் முனையைச் சேஸோடு சேர்க்கும் ஷேக்கிளின் பின், அச்சை ஸ்பிரிங்கோடு பிடிக்கும் யூ போல்ட் இதையெல்லாம் பாருங்கள். அச்சே இடம் மாறினால் ஸ்டியரிங் என்ன செய்யும்? உயரமாகத் தெரிய வேண்டும் என்று நீளமான ஷேக்கிள் மாட்டியிருந்தால் காஸ்டர் (கிங் பின் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும் கோணம்) குறைந்திருக்கும். வில்லிஸ் ஜீப்புகளுக்குக் காஸ்டர் 3 டிகிரி. அது குறைந்தால் வண்டி தானாக நேருக்கு வராது. அகலமான மட் டயரும் காற்று குறைவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கம்ப்யூட்டர் அலைன்மெண்ட்டுக்கு முதலிலேயே ஓடாதீர்கள். ஆட்டத்தை எடுக்காமல் எடுத்த அளவு அடுத்த குழியில் மாறிவிடும். இந்த அச்சில் நேரடியாகத் திருத்த முடிவது டோ-இன் ஒன்றுதான். அதாவது முன் டயர்கள் இரண்டுக்கும் நடுவே முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிட 1 முதல் 3 மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் போதும். டேப் வைத்து வீட்டிலேயே பார்க்கலாம்.

இவ்வளவும் முடிந்த பிறகும் உள்ளே வரும் தண்டு திரும்பி டிராப் ஆர்ம் அசையாமல் நின்றால், அப்போது பெட்டி. ஆயில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சக்கரம் நேராக இருக்கும்போது மட்டும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக, கால் சுற்றுக்கும் குறைவாக முறுக்கி, ஒவ்வொரு தடவையும் இரண்டு கோடி வரை ஒடித்துப் பாருங்கள். எங்காவது பிடித்தால் பின்வாங்கிவிடுங்கள். பிடிக்காமல் ஆட்டம் போகவில்லை என்றால்தான் பெட்டியைப் பிரிக்கவோ மாற்றவோ வேண்டும். ஸ்டியரிங் விளிம்பில் ஓர் அங்குல ஆட்டம் மிச்சமிருந்தால் இந்த வயது வண்டிக்கு அது சகஜம்.

என் வண்டியில் பெட்டியை மாற்றவே இல்லை. விரிசலுக்குப் பிளேட் வைத்துச் சேஸைச் சரிசெய்து, புது போல்ட், மூன்று எண்டு, பழைய நிலைக்குத் தளர்த்திய திருகு, அவ்வளவுதான். நத்தம் சாலை மேம்பாலத்தில், 7.3 கிலோமீட்டரும் ஒரே கையில் ஓட்டிப் பார்த்தேன் (நீங்கள் செய்யாதீர்கள்). 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு பெட்டி போல்ட்டுகளையும் யூ போல்ட்டுகளையும் இன்னொரு தடவை இறுக்கிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு யூ போல்ட் அரைச் சுற்று வந்தது.