நச்சை வெளியேற்றும் சீன டீ குடிக்கலாமா?

கேள்வி: நாத்தனார் ஒரு சீன மூலிகை டீ வாங்கிக் கொடுத்தார். உடம்பில் தேங்கிய நச்செல்லாம் வெளியேறிவிடும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. இருபது நாளாக ராத்திரி ஒரு கப் குடிக்கிறேன். காலையில் மூன்று நான்கு தடவை போகிறது, எடையும் இரண்டு கிலோ குறைந்துவிட்டது. ஆனால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். டீயைத் தொடரலாமா?
- வாசகி, கொளத்தூர்

பதில்: வேண்டாம், இன்றைக்கே நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். சென்னா என்றோ ஃபான் ஷியே யே என்றோ இருந்தால் அது வேறொன்றும் இல்லை, நம் ஊர் நிலாவரை. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் விளைந்து கப்பலேறுகிற இலை, உலகச் சந்தையில் அதற்குப் பெயரே திருநெல்வேலி சென்னா. சீனப் பெயருக்கு அர்த்தம் 'அந்நிய தேசத்துப் பேதி இலை'. சீனர்களே வெளியூர் சரக்கு என்று பெயர் வைத்த இலையை நாம் சீன ரகசியம் என்று காசு கொடுத்து வாங்குகிறோம்!

ராத்திரி குடித்தால் பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைத்து வேலை செய்ய வைக்க ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும், அதனால்தான் காலையில் போகிறது. குடலை முடுக்கிவிடுவதோடு, குடலில் இருக்கும் நீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளவும் அது விடாது. ஆக உங்களுக்குக் குறைந்த எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீரோடு பொட்டாசியமும் போகும், கெண்டைக்கால் இழுப்பதற்கு அது காரணமாக இருக்கலாம். உங்கள் பிரஷர் மாத்திரை நீர் பிரிய வைக்கும் வகையாக இருந்தால் அதுவும் பொட்டாசியத்தைக் குறைக்கக்கூடும், இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நாளைக்கே டாக்டரிடம் டப்பாவோடு போய் ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் பார்த்துவிடுங்கள். நடுவில் படபடப்போ கைகால் தளர்ச்சியோ வந்தால் காத்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சரி, சீன மருத்துவத்தில் நச்சு என்பதே கிடையாதா என்றால், இருக்கிறது. 'து' என்பார்கள். ஆனால் எல்லோர் குடலிலும் ஒட்டிக்கிடக்கும் அழுக்கு என்று அதற்கு அர்த்தமில்லை. சீழ் வைத்த கட்டி, வீங்கிச் சிவந்த தொண்டை, காய்ச்சல், இவற்றைப் பார்த்துத்தான் 'வெப்ப நச்சு' என்பார்கள், கிட்டத்தட்ட நாம் உடம்புச் சூடு என்பதுபோல. நாக்கையும் நாடியையும் பார்த்துவிட்டு, ஹனிசக்கிள் பூ மாதிரி குளிர்ச்சியான மூலிகைகளை அந்தச் சூடு தணியும் வரைக்கும் கொடுப்பார்கள். வயிறு பலவீனமாக, அடிக்கடி பேதியாகிறவர்களுக்கு இவற்றைக் கொடுக்கவே யோசிப்பார்கள். ஆளையே பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே டப்பா என்பது அந்த மருத்துவத்தின் கணக்குப்படியே தப்பு.

கேள்வி: உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டு படுக்கும் பேட், காலையில் கறுப்பாகிறதே, அது நச்சுதானே?
- வாசகர், மேடவாக்கம்

பதில்: இல்லை. அதில் இருக்கும் மூங்கில் வினிகர்ப் பொடி ஈரம் பட்டாலே நிறம் மாறும். புதுசாக ஒன்றைப் பிரித்து, கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் கொஞ்ச நேரம் காட்டுங்கள், கால் படாமலே கறுக்கும். நச்சை எடுப்பதாகச் சொல்லி உப்புத் தண்ணீரில் கால் வைத்து மின்சாரம் விடுகிறார்களே, அதில் தண்ணீர் பழுப்பாவதும் கருவியின் இரும்புத் துருவால்தான். உடம்புக்குள் கழிவைப் பிரிக்கிற வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டர் போலத்தான் வெளியே விடுகிறது.

கேள்வி: மூலிகைதானே, பக்கவிளைவு வராது என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? வீட்டில் பண்ணிக்கொள்ளும்படி எதுவும் இல்லையா?
- வாசகி, தாம்பரம்

பதில்: 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்கப் போன பெண்களுக்குச் சீன மூலிகை கலந்த மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வேருக்குப் பதில் அரிஸ்டலோகியா என்ற இனத்து வேர் கலந்துவிட்டது, இரண்டுக்கும் சீனப் பெயர் கிட்டத்தட்ட ஒன்று. நூறு பேருக்கும் மேல் சிறுநீரகம் பழுதாகி, பலர் டயாலிசிஸ் வரைக்கும் போனார்கள். சிலருக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. இதை ஏதோ தூர தேசத்துக் கதையாக நினைக்காதீர்கள். நம் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே இனம்தான். யாராவது பொடி பண்ணித் தந்தால் வாயில் போடாதீர்கள்.

வீட்டில் செய்துகொள்ளச் சீனர்களிடமும் எளிமையான ஒன்று இருக்கிறது, பாசிப்பயறு. சீன மருத்துவர் லி ஷிசென் தொகுத்து 1596இல் அச்சான பெரிய மருந்து நூலிலேயே நஞ்சு முறிக்கும் பயறு என்று அதைப் பாராட்டியிருக்கிறார். நஞ்சு முறிவை நம்பிக் குடிக்க வேண்டாம், விஷம் சாப்பிட்டவருக்குப் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரிதான். ஆனால் கோடையில் அங்கே வீட்டுக்கு வீடு அதை வேக வைத்து, கொஞ்சம் இனிப்புப் போட்டு ஆற வைத்துக் குடிக்கிறார்கள். நம் கத்திரி வெயிலுக்கும் நன்றாக இருக்கும். முழுப்பயறாகவே, தோலோடு வேக வையுங்கள், சர்க்கரை வியாதி இருந்தால் இனிப்பு மட்டும் வேண்டாம்.