ஜாதகம் இப்போது திரும்பி வருவதில்லை

கேள்வி: அண்ணாச்சி, மூத்த மகளுக்கு வரன் தேடியபோது ஜாதகம், போட்டோ, பயோடேட்டா எல்லாவற்றையும் தரகருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். தை மாதம் கல்யாணமே முடிந்துவிட்டது. ஆனாலும் முன்பின் தெரியாதவர்கள் அவளுக்கே போன் செய்து வரன் விசாரிக்கிறார்கள். மருமகன் முகம் சுளிக்கிறார். அடுத்து சின்னவளுக்குப் பார்க்க வேண்டும். என்ன செய்வது?
- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: மருமகனிடம் முதலில் பேசுங்கள் அம்மா. இதில் உங்கள் மகள் மேல் ஒரு குற்றமும் இல்லை. கேட்காமல் கொள்ளாமல் அடுத்தவருக்கு அனுப்பியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

முன்பெல்லாம் நம்ம பக்கம் தரகர் மஞ்சப்பையில் ஜாதகத்தைக் கொண்டுபோவார். பொருந்தாவிட்டால் அந்த வீட்டார் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், அதுதான் மரியாதை. நெல்லையப்பர் கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் பேச்சு பிராகாரத்தைத் தாண்டாது. இன்று ஒரு குழுவில் போட்டது தென்காசி, தூத்துக்குடி, சென்னை என்று எத்தனை போனில் கிடக்கிறதோ, தரகருக்கே தெரியாது.

போன் தொல்லையை விடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் சொல்கிறேன். பயோடேட்டாவில் பிறந்த தேதி, தாயார் பெயர், வேலை, சம்பளம், செல் நம்பர் எல்லாம் இருக்கும். போனில் பேசுபவர் உண்மையான வாடிக்கையாளர்தானா என்று பார்க்க வங்கிகள் கேட்பதும் பெரும்பாலும் பிறந்த தேதியும் தாயார் பெயரும்தான். இவற்றைச் சரியாகச் சொல்லியே ஒரு மோசடிக்காரன் உங்கள் மகளை நம்பவைத்து, ஓடிபி வாங்கிவிட முடியும். பிறந்த வருடத்தை ஏடிஎம் பின் நம்பராக வைத்திருந்தால் இன்றே மாற்றச் சொல்லுங்கள்.

தரகரைக் கூப்பிட்டு, பதிவை நீக்கச் சொல்லுங்கள். மற்றவர் போட்டதையும் குழு அட்மினால் நீக்க முடியும். ஏற்கெனவே இறக்கிக்கொண்டவர்களிடம் இருப்பது போகாதுதான், ஆனால் மேலே பரவுவது குறையும். திருமணத் தகவல் தளத்தில் பதிந்திருந்தால் அந்தக் கணக்கையும் நீக்குங்கள். தயங்காமல் கேளுங்கள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இருக்கிறது.

சரி, சின்னவள் விஷயம். முதலில் ராசி, நட்சத்திரம், படிப்பு, ஊர் மட்டும் கொடுங்கள். பத்துப் பொருத்தம் பார்க்க ராசியும் நட்சத்திரமும் போதும். பொருந்தி வருகிற வீட்டுக்கு மட்டும் போட்டோவையும் முழு ஜாதகத்தையும் நேரில் காட்டுங்கள். சம்பளமும் ஆபீஸ் பெயரும் பேச்சு கூடிவந்த பிறகு சொன்னால் போதும். தொடர்புக்கு அவள் நம்பர் வேண்டாம், உங்கள் வீட்டுக்காரர் நம்பரைக் கொடுங்கள். "எல்லாரும் அனுப்புறாங்களே" என்று தரகர் சடைத்துக்கொண்டால் வேறு தரகரைப் பாருங்கள்.

யாராவது பேசி ஏமாற்றிப் பணத்தை எடுத்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.