இலை உதிர்க்கும் யூகலிப்டஸ்: டார்வினிலிருந்து சில பதில்கள்

வட ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்துப் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணையில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். இங்கே மழைநீர் தேங்கும் சமவெளிகளில் வளரும் யூகலிப்டஸ் ஆல்பா என்ற வெள்ளை மரத்தைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்த வரையில் பதில்.

சுமதி, கோவை: அண்ணா, யூகலிப்டஸ் இலை உதிர்க்குமா? ஊட்டியில் கற்பூர மரத்தை எப்போதும் பச்சையாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஊட்டியில் நீங்கள் பார்த்தது குளோபுலஸ் என்ற வேறு யூகலிப்டஸ் இனம். தாஸ்மேனியாவும் அதை ஒட்டிய தென்கிழக்கு ஆஸ்திரேலியாவும்தான் அதன் பூர்வீகம். குளிருக்குப் பழகிய மரம், 1843-ல் நீலகிரிக்கு வந்தது. ஆல்பா வெப்ப மண்டலத்து மரம். வட ஆஸ்திரேலியா, நியூகினி, திமோர் இதெல்லாம் அதன் ஊர். டார்வினில் வருடத்துக்குச் சுமார் 1,700 மில்லிமீட்டர் மழை, ஏறக்குறைய எல்லாமே நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் கொட்டிவிடும். மீதி மாதங்களில் பெயருக்கு ஒரு தூறல் விழுந்தால் அதிசயம். அதனால் வறண்ட காலத்தின் கடைசியில் இந்த மரம் பாதி இலையையோ முழுவதையுமோ கொட்டிவிட்டு நிற்கும். யூகலிப்டஸ் கூட்டத்தில் இப்படிச் செய்பவை கொஞ்சம்தான்.

கதிர், தஞ்சாவூர்: மாதக்கணக்கில் தண்ணீர் நின்றால் வேர் அழுகாதா சார்?

நம் ஏரிக்குள் நாட்டுக் கருவேலம் நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி. வருடம் முழுக்கத் தண்ணீர் கிடக்கும் இடத்தில் ஆல்பா இருக்காது. அங்கே காகிதம் போலப் பட்டை உரியும் மெலலூக்கா மரங்கள் நிற்கும். அதற்கு ஒரு படி மேலே, மழைக்காலத்தில் சொதசொதவென்று ஊறி, செப்டம்பரில் பாளம் பாளமாக வெடிக்கும் களிமண் தரை உண்டு. ஆல்பாவுக்குப் பிடித்த இடம் அதுதான். ஒரே மண்ணில் ஆறு மாதம் வெள்ளத்தையும் ஆறு மாதம் வறட்சியையும் தாங்க வேண்டும். எனக்கு இந்த மரத்தின் மேல் மரியாதை வந்ததே இதனால்தான்.

மெஹர், சிட்னி: பார்த்தவுடன் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

இலையைப் பாருங்கள். யூகலிப்டஸ் என்றால் அரிவாள் போல நீண்ட இலைதானே நினைவுக்கு வரும்? இதற்கு அகன்ற இலை, கிட்டத்தட்ட பூவரச இலை மாதிரி. அப்புறம் அடிமரத்தை உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு தேய்த்துப் பாருங்கள், விபூதி போல வெள்ளைப் பொடி ஒட்டும். பட்டை உரிந்த இடம் புதிதாக இருந்தால் இளஞ்சிவப்பாகக்கூடத் தெரியும். தண்டு நேராக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மரவேலைக்காரர் பார்த்தால் முகம் சுளிப்பார்.

சிறுவன் ஆதி சார்பில் அவன் அம்மா: கோவாலா இருக்குமா?

இல்லை கண்ணா. கோவாலாக்களின் ஊர் கிழக்கிலும் தென்கிழக்கிலும். டார்வின் பக்கத்துக் காட்டில் கிடையாது.

ஜெரோம், திருச்சி: பிரேசிலில் ஆல்பாவைக் காகிதத்துக்குப் பெருமளவில் நட்டதாகப் படித்தேன். உண்மையா?

பெயர் உண்மை, மரம்தான் வேறு. பிரேசிலில் யூகலிப்டஸைப் பரப்பியவர் நவாரோ டி ஆன்ட்ராடே. 1919-ல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவிலிருந்து 'ஆல்பா' என்ற பெயரில் அவருக்கு விதை கிடைத்தது. பிரேசிலில் ரியோ கிளாரோ என்ற ஊரில் விதைத்தார். பக்கத்தில் ஏற்கெனவே பல யூகலிப்டஸ் இனங்கள் இருந்தன, மகரந்தம் கலந்தது, அடுத்த தலைமுறை நாற்றுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. 'பிரேசில் ஆல்பா' என்று பரவியது இந்தக் கலவைதான். மூல விதையும் ஆல்பா இல்லை. அது திமோர் மலைகளில் வளரும் இன்னொரு மரம். தாவரவியலாளர் எஸ். டி. பிளேக் அதைத் தனி இனமாகப் பிரித்து வைத்த யூரோஃபில்லா என்ற பெயர் 1977-ல்தான் வெளிவந்தது.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. திமோரில் கீழே ஆல்பா, மேலே யூரோஃபில்லா, நடுவில் இரண்டும் சேர்ந்து கலப்பினமும் தரும். செடிகளை உலர்த்திச் சேர்த்து வைக்கும் ஹெர்பேரியத்தில் காய்ந்த கிளையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது, பாவம். இன்று பிரேசிலின் காகிதக்கூழுக்குப் போகும் மரத்தில் பெரும்பங்கு யூரோஃபில்லாவும் கிராண்டிஸ் என்ற இன்னொரு யூகலிப்டஸும் சேர்ந்த கலப்பினம். ஆல்பா பெயரை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

வேலு, புதுக்கோட்டை: இரண்டு ஏக்கர் சும்மா கிடக்கிறது. ஆல்பா நடலாமா?

வேண்டாங்க. உங்கள் மாவட்டத்தில் தண்ணீரை உறிஞ்சுவதாகப் பெயர் வாங்கிய தைல மரத்தைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அது வேறு இனம் என்பது சரி. ஆனால் ஆல்பா தன் ஊரில் புல்லுக்கு நடுவே தள்ளித் தள்ளி நிற்கிற மரம். அதை ஏக்கருக்கு நூற்றுக்கணக்கில் நெருக்கி நட்டால் அதன் சுபாவமே மாறிவிடும். கோணல் தண்டுக்கு விலையும் கிடைக்காது. தண்ணீர் தேங்கும் நிலம் என்றால் நீர்மருது வையுங்கள்.

நிர்மலா, மெல்பர்ன்: காட்டில் பார்க்க எப்போது வரலாம்?

இலையில்லாமல் பார்க்க செப்டம்பர், அக்டோபர். வெயில் மண்டையைப் பிளக்கும், தொப்பி அவசியம். ககாடு தேசியப் பூங்காவுக்குப் போகும் வழியில் தாழ்வான இடங்களைப் பார்த்துக்கொண்டே வாருங்கள், சுண்ணாம்பு அடித்தது போல நிற்கும். படம் எடுக்கிற ஆசையில் தண்ணீரோரம் மட்டும் இறங்கிவிடாதீர்கள், முதலை இருக்கிறது.