அம்மாவுக்கு கிளாக்கோமா: டிமோலால் சொட்டு மருந்தா, லாட்டனோபிராஸ்ட்டா, எது நல்லது?

நீங்க கேட்டிருக்கிறது இதுதான்: அம்மாவுக்கு 61 வயசு, கண்ணுல பிரஷர் 26 இருக்குன்னு டிமோலால் எழுதிக் குடுத்திருக்காங்க, பக்கத்து வீட்டு அக்கா நான் போடுற லாட்டனோபிராஸ்ட்தான் ஒசத்தின்னு சொல்றாங்க, மாத்திக்கலாமா? நான் டாக்டர் இல்லைங்க. எங்கப்பாவுக்கு 11 வருஷமா கிளாக்கோமா, அதாவது கண் பிரஷர் ஏறி கண் நரம்பு கெடுற நோய், இந்த 11 வருஷத்துல அஞ்சு விதமான பாட்டில் எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல வந்து போயிருக்கு, அதை வச்சுத்தான் சொல்றேன்.

எது ஒசத்தின்னு பாக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும், அம்மாவுக்கு இளைப்பு, ஆஸ்துமா எதாவது இருக்கா? நாடித்துடிப்பு ரொம்ப கம்மின்னு, இல்ல இதயத்துல பிளாக்னு (ரத்தக் குழாய் அடைப்பு இல்ல, துடிப்பைக் கடத்துறதுல வர்ற தடை) எப்பவாவது சொல்லியிருக்காங்களா? அப்படி இருந்தா அடுத்த ரிவ்யூ வரைக்கும் காத்திருக்க வேணாம், இன்னைக்கே ஃபோன் பண்ணி கண் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, அப்பாவுக்கும் மொதல்ல குடுத்தது டிமோலால்தான், காலைல ஒரு சொட்டு ராத்திரி ஒரு சொட்டு. 28 இருந்த பிரஷர் 20-க்கு இறங்குச்சு, வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். ரெண்டு மாசம் போயிருக்கும், மாடிப்படி ஏறினா மூச்சு வாங்க ஆரம்பிச்சது, ராத்திரி படுத்தா நெஞ்சுல விசில் சத்தம் கேக்கும். அவரு பஸ் கண்டக்டரா இருந்தவரு, முப்பது வருஷம் டீசல் புகையிலயும் தூசியிலயும் நின்னவரு, அதனாலதான் இப்படின்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். நெஞ்சு டாக்டர்கிட்ட போனோம், அவரு "என்ன மாத்திரை சாப்பிடுறீங்கய்யா"ன்னு கேட்டாரு, அப்பா "சுகர் மாத்திரை மட்டும்தான் சார்"ன்னாரு. அதுல பொய் எதுவும் இல்ல, கண்ணுல ஊத்துற சொட்டை யாரு சாப்பிடுற மருந்துன்னு நெனப்பாங்க? இன்ஹேலர் எழுதிக் குடுத்தாங்க, அதுவும் சரியா கேக்கல. கண் ரிவ்யூவுக்குப் போனப்ப பையில சீட்டு தேடுறப்ப அந்த இன்ஹேலர் வெளிய விழுந்துச்சு, அதை எடுத்துக் குடுத்த சிஸ்டர்தான் "ஐயாவுக்கு இளைப்பு இருக்காம்மா, எப்பலேருந்து?"ன்னு கேட்டாங்க. அன்னைக்கே டிமோலாலை நிறுத்திட்டாங்க, ரெண்டு வாரத்துல அப்பா பழையபடி படி ஏறினாரு. நடுவுல போன அந்த அஞ்சு மாசத்தை நெனச்சா எனக்கு இன்னும் மனசு ஆறல.

கண்ணுல விடுற சொட்டு கண்ணோட நிக்காது, மூக்கை ஒட்டி இருக்கிற ஓட்டை வழியா மூக்குக்குள்ள இறங்கி நேரா ரத்தத்துல கலந்துடும். டிமோலால் பீட்டா பிளாக்கர் வகை, பிபிக்கு குடுக்கிற அட்டெனோலால், மெட்டோபிரோலால் இருக்கே, அதே குடும்பம். மூச்சுக்குழாயைத் திறக்க இன்ஹேலர் எந்த இடத்துல போய் வேலை செய்யணுமோ அந்த இடத்தை இது அடைச்சுக்கும், அதனாலதான் அப்பாவுக்கு இன்ஹேலரும் கேக்கல. அம்மா ஏற்கனவே பிபிக்கு அந்த மாதிரி மாத்திரை சாப்பிட்டா துடிப்பு இன்னும் குறையலாம், சுகர் இருந்தா லோ சுகர் ஆகுறப்ப வர்ற படபடப்பே தெரியாம போகலாம், அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும்.

இதெல்லாம் இல்லாதவங்களுக்கு டிமோலால் மோசமான மருந்து இல்ல, அதையும் நியாயமா சொல்லணும். 1978-ல அமெரிக்காவுல அனுமதி வாங்கினதுலேருந்து உலகம் பூரா லட்சக்கணக்கான பேரு கண்ணைக் காப்பாத்தியிருக்கு, விலையும் எல்லாத்தையும் விட கம்மி. கண்ணுக்குள்ள தண்ணி மாதிரி ஒரு திரவம் ஊறிக்கிட்டே இருக்கும், வடிஞ்சுக்கிட்டே இருக்கும், வடியுறது கொறஞ்சா பிரஷர் ஏறி பின்னாடி இருக்கிற நரம்பை அமுக்கும். டிமோலால் அந்தத் திரவம் ஊறுறதைக் குறைக்கும், லாட்டனோபிராஸ்ட் வடிகாலைத் திறந்து விடும். டிமோலால் பிரஷரை 20லேருந்து 25 சதவீதம் குறைக்கும், லாட்டனோபிராஸ்ட் 25லேருந்து 30 சதவீதத்துக்கும் மேல கூட போகும், ராத்திரி தூக்கத்துலயும் வேலை செய்யும், டிமோலாலுக்கு ராத்திரி பலம் கம்மி. ஒரு நாளைக்கு ஒரே சொட்டு போதும்ங்கிறது பெரிய வசதி, வயசானவங்க ரெண்டு வேளையில ஒரு வேளையை மறந்துடுவாங்க. அதனாலதான் இப்ப நெறைய டாக்டருங்க மொதல்ல இதைத்தான் எழுதுறாங்க, அந்த வகையில அக்கா சொன்னது தப்பில்ல.

ஆனா லாட்டனோபிராஸ்ட்டுக்கும் தொந்தரவு உண்டு. டிமோலாலை நிறுத்தினப்புறம் அப்பாவுக்கு இதைத்தான் குடுத்தாங்க, மொத மூணு வாரம் கண்ணு செவசெவன்னு இருந்துச்சு, அப்புறம் அடங்கிடுச்சு. இமை முடி நீளமா அடர்த்தியா வளரும், கண்ணைச் சுத்தி கருக்கும், வருஷக்கணக்குல போட்டா கண்ணு கொஞ்சம் உள்ள போன மாதிரி தெரியும், இதே வகையில பைமாட்டோபிராஸ்ட்னு இன்னொரு சொட்டு இருக்கு, அதுல இது இன்னும் ஜாஸ்தி. ஒரு கண்ணுக்கு மட்டும் போடுறவங்களுக்கு ரெண்டு கண்ணும் வித்தியாசமா தெரியும், அதை நெனச்சு வருத்தப்பட்டு மருந்தையே விட்டுட்டவங்களை எனக்குத் தெரியும். திறக்காத பாட்டிலை ஃப்ரிட்ஜ்ல வைக்கணும், திறந்தப்புறம் 25 டிகிரிக்குள்ள ஆறு வாரம்தான் கணக்கு, நம்மூர் வெயில்ல வீட்டுக்குள்ள 25 டிகிரி எங்க இருக்கு, அதனால நாங்க திறந்ததையும் ஃப்ரிட்ஜ்லயே வைக்கிறோம். ஃப்ரிட்ஜ் தேவைப்படாத கம்பெனி மருந்தும் இருக்கு, டப்பாவுல பாத்துக்கோங்க. ஜில்லுன்னு இருக்கிறதுல ஒரு நல்லது, சொட்டு கண்ணுல விழுந்துச்சா கன்னத்துல விழுந்துச்சான்னு அப்பாவுக்கே தெரிஞ்சிடும்.

நாலாவது வருஷம் பட்டன் அமுக்கிப் பாக்குற ஃபீல்டு டெஸ்ட்ல இடது கண்ணுல கொஞ்சம் பார்வை குறைஞ்சிருந்துச்சு, இன்னொரு மருந்தும் வேணும்னாங்க. டார்சோலமைடு குடுத்தாங்க, கண்ணு எரியும், கொஞ்ச நேரத்துல தொண்டையில கசப்பு இறங்கும், அப்பா ராத்திரி சாப்பாடு ருசிக்கவே மாட்டேங்குதும்மான்னு தட்டைத் தள்ளி வச்சிடுவாரு. அப்புறம் பிரைமோனிடின், அதுல வாய் வறண்டு போச்சு, பகல்லயே தூங்கி வழிஞ்சாரு, ஆறாவது மாசம் கண்ணு அரிச்சு சிவந்து ஒத்துக்கல, அந்த அலர்ஜி அந்த மருந்துக்கு மாசங்கள் கழிச்சு வர்றது சாதாரணமாம். வீட்ல சின்னக் குழந்தை இருந்தா அந்த பாட்டிலை எட்டாத இடத்துல வைங்க, குழந்தைக்கு மயக்கமும் மூச்சுத் திணறலும் வரும். கடைசியில பிரின்சோலமைடு, நல்லா குலுக்கிட்டு விடணும், அஞ்சு நிமிஷம் மங்கலா தெரியும், எரிச்சல் இல்ல, அதுல நின்னுட்டாரு. சல்ஃபா மாத்திரை ஒத்துக்காதவங்க டார்சோலமைடு, பிரின்சோலமைடு போடுறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட அதைச் சொல்லணும்.

மருந்தை விட ஊத்துற விதத்துல கவனம் வேணும், இதை எனக்கு யாரும் மொத வருஷம் சொல்லித் தரல. ஒரே ஒரு சொட்டு போதும், அதுக்கு மேல கண்ணு தாங்காது, வழிஞ்சு போயிடும். கீழ் இமையை லேசா இழுத்து அந்தக் குழியில விடணும், கண்ணை மூடி மூக்கை ஒட்டின ஓரத்தை விரலால ரெண்டு நிமிஷம் அமுக்கிப் பிடிக்கணும், அப்ப மருந்து மூக்குக்குள்ள இறங்காது, கசப்பும் குறையும், டிமோலால் ரத்தத்துல போறதும் குறையும். ரெண்டு மருந்து இருந்தா நடுவுல அஞ்சு நிமிஷம் விடணும், இல்லைன்னா ரெண்டாவது மொதலாவதைக் கழுவிடும்.

சொட்டு போட்டா பார்வை கூடும்னு அம்மா எதிர்பார்த்தா இப்பவே எடுத்துச் சொல்லிடுங்க, போன பார்வை வராது, இருக்கிறதைக் காப்பாத்தத்தான் இது. ஒரு வித்தியாசமும் தெரியலன்னு விட்டுடுறவங்கதான் அதிகம். பிரஷர் அதிகமா இருந்தும் நரம்பு இன்னும் கெடாத 1600 பேருக்கு மேல வச்சு அமெரிக்காவுல பண்ணின ஆராய்ச்சி 2002-ல வந்துச்சு, அஞ்சு வருஷத்துல சொட்டு போடாதவங்கள்ல 9.5 சதவீதம் பேருக்கு கிளாக்கோமா வந்துச்சு, போட்டவங்கள்ல 4.4 சதவீதம்தான். அப்புறம் லேசரையும் கேட்டுப் பாருங்க, 2019-ல இங்கிலாந்துல வந்த ஆராய்ச்சியில மொதல்லயே எஸ்எல்டி லேசர் (கண்ணோட வடிகாலை நல்லா வடிய வைக்கிற லேசர்) பண்ணிக்கிட்டவங்கள்ல நாலுல மூணு பேருக்கு கிட்டத்தட்ட மூணு வருஷம் வரைக்கும் சொட்டே தேவைப்படல. ஆனா அது திறந்த கோணம்னு சொல்ற வகைக்கு, அதாவது வடிகால் இருக்கிற மூலை திறந்தே இருக்கிற வகைக்கு, அம்மாவுக்கு கோணம் குறுகின வகைன்னா அதுக்கு வேற லேசர், அதனால எந்த வகைன்னு கேட்டுக்கோங்க.

அதனால நீங்களா மாத்தாதீங்க, அக்கா வீட்டு பாட்டிலை வாங்கியும் விடாதீங்க. மூச்சு, துடிப்பு ரெண்டும் நல்லா இருந்து பிரஷரும் டாக்டர் சொன்ன அளவுக்கு இறங்கியிருந்தா டிமோலாலே போதும். இல்லைன்னா லாட்டனோபிராஸ்ட் பத்தி தாராளமா கேளுங்க, ரெண்டுக்கும் நடுவுல மாசம் சில நூறு ரூபா வித்தியாசம் வரும், அது கட்டுப்படியாகுமான்னும் வெளிப்படையா டாக்டர்கிட்ட பேசுங்க.

ஒண்ணு விட்டுட்டேன். கலப்பு மருந்துல டிமோலால் ஒளிஞ்சிருக்கும், டார்சோலமைடோட, பிரைமோனிடினோட, பைமாட்டோபிராஸ்ட்டோட எல்லாம் சேர்ந்து வருது, பாட்டில் மேல பெருசா வேற பேரு, அடியில பொடி எழுத்துலதான் டிமோலால்னு இருக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு புது எடத்துல அப்பாவுக்கு அப்படி ஒண்ணு எழுதிட்டாங்க, மெடிக்கல்ல வாங்கி வீட்டுக்கு வந்து டப்பாவைப் படிச்சப்பதான் பாத்தேன், திறக்கவே இல்ல, திருப்பிக் குடுத்துட்டோம். அன்னைக்கே ஒரு அட்டையில "ஆஸ்துமா. டிமோலால் ஆகாது"ன்னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் பெருசா எழுதி அப்பா சட்டைப் பையில வச்சேன், இப்ப எந்த டாக்டர் முன்னாடி உக்காந்தாலும் மொதல்ல அந்த அட்டையைத்தான் எடுத்து மேஜையில வைக்கிறாரு.