மெத்தையா, மெஷினா, மாத்திரையா? தூக்கத்துக்குக் காசு செலவழிக்கும் முன்

ராத்திரி தூக்கம் சரியில்லை, பகலெல்லாம் அசதி. இதற்கு எதை வாங்கலாம், வாங்கியது சரியில்லை என்றால் யாரிடம் போவது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன்பு 10 வருட வாரண்டியோடு 78×60 அளவில் 6 அங்குல ஃபோம் மெத்தை வாங்கினோம். நடுவில் குழி விழுந்துவிட்டது. புரண்டு புரண்டே பாதி ராத்திரி போகிறது, காலையில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. கம்பெனிக்காரர்கள் குழி ஒரு அங்குலத்துக்குக் குறைவு, வாரண்டியில் வராது என்கிறார்கள். கடைக்காரரோ ‘ஆர்த்தோ’ மெத்தை வாங்கச் சொல்கிறார். என்ன செய்யலாம்? (ஈரோடு வாசகி)

பதில்: முதலில் மெத்தையைத் தூக்கிவிட்டுக் கட்டிலைப் பாருங்கள். பலகை மெல்லிய பிளைவுட்டாக இருந்து, நடுவில் தாங்கு கட்டையும் இல்லையென்றால் பலகைதான் வளையும்; மெத்தை அதன் மேல் படிந்து குழியாகத் தெரியும். இரண்டு மூன்று நாள் மெத்தையைத் தரையில் போட்டுப் படுங்கள். குழி மறைந்தால் செலவு தச்சரிடம்தான், மெத்தைக் கடையில் இல்லை.

தரையிலும் குழி இருந்தால் அளந்து வையுங்கள். விரிப்பை எடுத்துவிட்டு, யாரும் படுக்காமல் சில மணி நேரம் விடுங்கள். ஓர் ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரை வளையாத திரைச்சீலைக் கம்பியை வைத்து, ஆழமான இடத்தில் ஸ்கேலை நிறுத்தி, எண் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். இடுப்பு, தோள், கால் என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். கம்பெனி அளப்பதும் இப்படித்தான், பாரம் இல்லாமல். சூட்சுமமும் இங்கேதான் இருக்கிறது. தளர்ந்துபோன ஃபோம் ஆள் படுத்தால் அமுங்கும், எழுந்தால் மேலே வந்துவிடும். அதனால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள்: தண்ணீர் நிரம்பிய 20 லிட்டர் கேனை முதலில் யாரும் படுக்காத கால்மாட்டிலும், பிறகு குழி விழும் இடத்திலும் நிறுத்தி, இரண்டு இடத்திலும் எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து படம் எடுங்கள். நடுவில் கணிசமாகக் கூடுதலாக அமுங்கினால், வாரண்டி அட்டையில் என்ன எழுதியிருந்தாலும், பொருளில் குறைபாடு இருக்கிறது என்று வாதாட அந்தப் படம் உதவும்.

எடையும் போடுங்கள். ஃபோமின் டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்குதான், கெட்டித்தன்மை அல்ல. உங்கள் மெத்தை சுமார் 0.46 கன மீட்டர். ஒரே ஃபோமில் செய்தது என்றால் 32 டென்சிட்டிக்கு உறை நீங்கலாக 14.7 கிலோவும், 40 டென்சிட்டிக்கு 18.4 கிலோவும் இருக்க வேண்டும். பில்லில் 40 என்று போட்டுவிட்டு உறையோடு சேர்த்தே 15 கிலோதான் என்றால், புகாரில் எழுத வேறு காரணமே தேவையில்லை.

‘ஆர்த்தோ’ என்ற சொல்லை எந்த மெத்தையிலும் ஒட்டலாம். பெரும்பாலும் உள்ளே ஃபோம் துண்டுகளைப் பசையிட்டு அழுத்திய ரீபாண்டட் அடுக்கு இருக்கும். அதன் டென்சிட்டி 80, 100 என்று இருப்பதைக் காட்டித்தான் உயர்ந்த சரக்கு என்பார்கள். கட்டாந்தரை மாதிரி இருந்தால்தான் முதுகுக்கு நல்லது என்பதற்கும் ஆதாரம் இல்லை. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை வைத்து ஸ்பெயினில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், கெட்டியான மெத்தையைவிட நடுத்தரமான மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. கடையில் மல்லாந்து படுத்து இடுப்புக்கு அடியில் கையை நுழையுங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் ரொம்பக் கெட்டி. நுழையவே மறுத்தால் ரொம்ப மெத்து. மெமரி ஃபோம் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கும்; ஏசி இல்லாத அறைக்கு வேண்டாம். வீட்டில் பழைய இலவம் பஞ்சு மெத்தை இருந்து, பஞ்சைப் பிரித்துக் காயவைத்து மறுபடி அடைத்துத் தைக்க ஆளும் கிடைத்தால், அதற்கே எங்கள் ஓட்டு.

கம்பெனிக்கு மின்னஞ்சலில் படங்களோடு புகார் அனுப்புங்கள். போனில் பேசியது சாட்சிக்கு நிற்காது. நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்திலேயே பதிவு செய்யலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் கெடு. மெத்தையில் காபிக் கறை இருந்தால் அதையே சாக்காக வைத்து வாரண்டியை மறுப்பார்கள்; பல அட்டைகளில் அந்த நிபந்தனை உண்டு. அடுத்த மெத்தைக்கு முதல் நாளே உறை போட்டுவிடுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு 46 வயது, சரக்கு வேன் ஓட்டுகிறார். பயங்கரக் குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறார். வீட்டில் வைத்துச் செய்த தூக்கப் பரிசோதனையில் ஏ.ஹெச்.ஐ. 38 வந்தது. டாக்டர் சிபேப் மெஷின் எழுதியிருக்கிறார். டீலர் 58,000 ரூபாய், இன்றே வாங்கினால் மாஸ்க் இலவசம் என்கிறார். இணையத்தில் பழையது 15,000க்குக் கிடைக்கிறது. தெரிந்தவர் ஒருவர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரே போதும் என்கிறார். (ஓசூர் வாசகி)

பதில்: கான்சன்ட்ரேட்டர் பேச்சை விட்டுவிடுங்கள். 38 என்றால் மணிக்குச் சராசரியாக 38 தடவை மூச்சு குறைந்தது 10 விநாடி நிற்கிறது அல்லது நலிகிறது என்று அர்த்தம். 30ஐத் தொட்டாலே தீவிரம்தான். தொண்டைச் சதை தளர்ந்து வழி அடைத்துக்கொள்கிறது. அடைத்த வழியில் எவ்வளவு ஆக்சிஜன் விட்டாலும் உள்ளே போகாது. சிபேப் காற்றழுத்தத்தால் அந்த வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. இன்னொன்று: மெஷின் பழகி, பகல் தூக்கம் விட்டதென்று டாக்டர் சொல்லும்வரை அவர் வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமாக ராத்திரியில். வருமானம் போகும் என்பது தெரிந்தேதான் சொல்கிறோம்.

இன்றே வாங்காதீர்கள். பல டீலர்கள் மெஷினை வாடகைக்கும் தருவார்கள். இரண்டு மூன்று வாரம் எடுத்துப் பாருங்கள். சிபேப் வாங்கியவர்கள் அதைப் பரணில் ஏற்றுவதற்குப் பெரும்பாலும் காரணம் மெஷின் இல்லை, மாஸ்க். மூக்குத் துவாரத்தில் பொருந்துவது, மூக்கை மட்டும் மூடுவது, மூக்கும் வாயும் மூடுவது என்று மூன்று வகை. வாய் திறந்து தூங்குபவர் மூக்கு மாஸ்க் போட்டால் காற்று வாய் வழியே போய், காலையில் நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்ளும். அடர்ந்த மீசை இருந்தால் முழு மாஸ்க்கின் ஓரத்தில் காற்று கசிந்து கண்ணில் அடிக்கும். ஆகவே நாற்காலியில் உட்கார்ந்து அளவு பார்க்காமல், மெஷினை ஓடவிட்டு, படுத்து, ஒருக்களித்துப் பாருங்கள். வாரை இறுக்கி இறுக்கிக் கசிவை நிறுத்துவது தப்பு. மூக்குத்தண்டில் புண் வரும், கசிவும் நிற்காது. அளவைத்தான் மாற்ற வேண்டும். இலவச மாஸ்க் பொருந்தாவிட்டால், சுகாதாரத்தைக் காரணம் காட்டித் திரும்ப வாங்க மாட்டார்கள். 30 நாளுக்குள் வேறு அளவுக்கு மாற்றித் தருவதாக பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

மெஷினில் ஒரே அழுத்தத்தில் ஓடுவதும், 4 முதல் 20 வரை (சென்டிமீட்டர் நீர் அழுத்தக் கணக்கில்) தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ஆட்டோ வகையும் உண்டு. எதை, எந்த அளவில் என்று டாக்டர் சீட்டில் இருக்க வேண்டும். தினசரி அறிக்கை தரும் மெஷினாகப் பாருங்கள். அதில் கவனிக்க வேண்டியவை: எத்தனை மணி நேரம் போட்டார், மிச்சமிருக்கும் ஏ.ஹெச்.ஐ. 5க்குக் கீழ் வந்ததா, கசிவு எவ்வளவு. நான்கு மணி நேரத்தோடு கழற்றி வைத்தால் மிச்ச ராத்திரிக்குப் பலன் இல்லை. விடியற்காலைத் தூக்கத்தில்தான் பலருக்கு மூச்சு அதிகம் தடைபடும்.

ஈரப்பதத் தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர்தான். போர் தண்ணீர் ஊற்றினால் சூடாகும் தட்டில் வெள்ளையாக உப்புப் படியும். தினமும் காலையில் மிச்சத்தைக் கொட்டிக் காயவையுங்கள். மெஷினைத் தலைமாட்டுக்குக் கீழான உயரத்தில் வைத்தால் குழாயில் சேரும் தண்ணீர் மூக்குக்கு வராது. கரண்ட் போகும் ஊர் என்றால், சூடாக்கும் வசதியை அணைத்துவிட்டால் சாதாரண வீட்டு இன்வெர்ட்டரே தாங்கும். சைன் வேவ் வகை நல்லது.

பழைய மெஷின் வாங்கியே ஆகவேண்டும் என்றால், அதன் மெனுவில் மொத்தம் எத்தனை மணி ஓடியது என்று பாருங்கள். ஒரு நாளைக்கு 7 மணி என்று கணக்கிட்டால் வருடத்துக்கு 2,500 மணிக்கு மேல் வரும். ‘ஆறு மாதம்தான் ஓடியது’ என்பவரின் மெஷின் 9,000 காட்டினால் நடையைக் கட்டுங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் உள்ளிட்ட பல மெஷின்களை உலகம் முழுக்கத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. உள்ளே சத்தம் அடக்க வைத்த ஃபோம் உதிர்ந்து மூச்சுக் குழாய்க்குப் போகலாம் என்பது காரணம். அந்தக் காலத்து மெஷின் என்றால் சீரியல் எண்ணை நிறுவனத்திடம் சரிபார்க்காமல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். மாஸ்க், குழாய், ஃபில்டர் மூன்றும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். அதையும் கூட்டிப் பார்த்தால் 15,000 அவ்வளவு மலிவு இல்லை. மருத்துவக் காப்பீடு இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஆனால் வீட்டு உபயோக சிபேப்பைப் பெரும்பாலான பாலிசிகள் தருவதில்லை.

கேள்வி: ஸ்மார்ட் வாட்ச்சில் ‘ஆழ்ந்த தூக்கம் 38 நிமிடம்’ என்றே தினமும் வருகிறது. வாட்ச் கோளாறா, எனக்குக் கோளாறா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: இரண்டும் இல்லாமல் இருக்கலாம். தூக்கத்தின் கட்டங்களைப் பிரிக்க மூளை அலையை அளக்க வேண்டும். வாட்ச் கை அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. எப்போது தூங்கினீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்பதை ஓரளவு சரியாகச் சொல்லும், கட்டங்களை அல்ல. குறைபாடு என்று திருப்பிக் கொடுக்க முடியாது. பகலில் தெளிவாக இருக்கிறீர்கள் என்றால் அந்தப் பக்கத்தைத் திறக்காதீர்கள்.

கேள்வி: எப்போதும் களைப்பு. 4,999 ரூபாய் பேக்கேஜ் 999க்கு என்று விளம்பரம் பார்த்து 85 டெஸ்ட் எடுத்தேன். ஹீமோகுளோபின் 11.3, மற்றதெல்லாம் நார்மல். வயது 34. ஏமாந்தேனா? (திருநெல்வேலி வாசகி)

பதில்: எண்ணிக்கையில் ஏமாந்தீர்கள். இரத்த அணு எண்ணிக்கை என்ற ஒரே டெஸ்டில் வரும் இருபதுக்கு மேற்பட்ட வரிகளைத் தனித்தனி டெஸ்டாக எண்ணுவார்கள். கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம், சிறுநீர் என்று வரிகளைக் கூட்டினால் 85 சுலபமாக வந்துவிடும். களைப்புக்குக் கட்டாயம் பார்க்க வேண்டிய, உடம்பில் இரும்புச் சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பல பேக்கேஜ்களில் இருக்காது.

உங்கள் 11.3 நார்மல் இல்லை. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே என்றாலே இரத்தசோகை. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்கிறது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று. எல்லோருக்கும் இருப்பதால் அது இயல்பாகிவிடாது. ஃபெரிட்டின், வைட்டமின் பி12, தைராய்டுக்கான டிஎஸ்எச் மூன்றையும் பாருங்கள். ஏற்கெனவே எடுத்திருந்தால் திரும்ப வேண்டாம். 15க்குக் கீழே ஃபெரிட்டின் இருந்தால் இரும்புச் சத்து இருப்பே காலி. 30க்குக் கீழே என்றாலே பல டாக்டர்கள் மாத்திரை தொடங்குவார்கள். காய்ச்சல், சளி இருக்கும்போது எடுத்தால் பொய்யாகக் கூடுதல் காட்டும். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் லேபில் சொல்லிவிட்டு, இரண்டு மூன்று நாள் நிறுத்தியபின் இரத்தம் கொடுங்கள். தைராய்டு அளவைத் தாறுமாறாக்கும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது வழக்கம்.

இரும்பு மாத்திரையை டீ, காபியோடு விழுங்கினால் பாதி வீண். இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். மாதவிடாய்ப் போக்கு அதிகமா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஓட்டையை அடைக்காமல் ஊற்றிக்கொண்டே இருக்கக் கூடாது.

கேள்வி: 3 மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமில்லை. 10 மில்லிகிராம் மெலடோனின் உள்ள ‘கம்மி’ என்ற மெது மிட்டாய் 99 ரூபாய் ‘டிரையல்’ என்று வாங்கினேன். இப்போது மாதாமாதம் 899 பிடிக்கிறார்கள். ரத்து செய்ய வழியே தெரியவில்லை. (கோவை வாசகர்)

பதில்: மெலடோனின் உடல் கடிகாரத்தை நகர்த்தும் பொருள். ராத்திரி 2 மணிவரை தூக்கம் வராதவருக்கும், வெளிநாடு போய் வந்தவருக்கும் கொஞ்சம் உதவும். நடு இரவில் முழிப்பவருக்கு அதிலிருந்து பெரிதாக எதிர்பார்க்க ஒன்றுமில்லை. 10 மில்லிகிராம் அளவும் அதிகம். அமெரிக்காவில் 25 ‘கம்மி’ மிட்டாய் வகைகளைச் சோதித்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், லேபிளில் போட்டதில் 74 முதல் 347 சதவீதம் வரை மெலடோனின் இருந்தது. ஒன்றில் மெலடோனினே இல்லை. 3 மணி முழிப்புக்கு மது, இரவில் அடிக்கடி சிறுநீர், குறட்டை, மனச்சோர்வு இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் அல்ப்ரசோலம், சோல்பிடம் மாத்திரைகளைக் கேட்காதீர்கள். இரண்டும் டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத ஹெச்1 பட்டியலில் உள்ளவை. பழகினால் விடுவது கஷ்டம்.

பணம் பிடிப்பதை நிறுத்த கம்பெனியின் தயவு வேண்டாம். யுபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ அல்லது ‘மேண்டேட்’ பகுதிக்குப் போய் நீங்களே ரத்து செய்யலாம். கார்டு என்றால் வங்கிச் செயலியில் நிலையான உத்தரவுகள் பகுதி. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொரு முறையும் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு உங்களுக்குத் தகவல் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். சேருவதை எளிதாக்கி விலகுவதை மறைப்பது, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்த தடை செய்யப்பட்ட தந்திரங்களில் ஒன்று. ‘ரத்து’ பட்டன் இல்லாத அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பிடித்த தேதிகள், பாட்டிலின் பின்பக்கத்தில் உள்ள 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உணவு உரிம எண் மூன்றையும் சேர்த்து 1915இல் பதியுங்கள். முதலில் மேண்டேட்டை ரத்து செய்யுங்கள், பிறகு புகார். மாறிச் செய்தால் நடுவில் இன்னொரு 899 போகும்.